பெல்ஜியம் ஜெயிக்குமா, சாமி?

"பாத்தியா, உபதேசியாரு இன்னைக்கும் சாமியார் வீட்டுக்குப் போறாரு" என்றார் சிலுவைதாசன். கையில் கிழிந்த வலை.

பக்கத்தில் இருந்த செல்வதாஸ் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு?"

"பந்து வெளையாட்டு பேச. வெள்ளக்கார சாமியாரு நாட்டு டீமு ஏதோ உலகக் கோப்பைக்குப் போவுதாம். இவரு போயி, 'ஆமா சாமி, ஆமா சாமி'ண்ணு தலையாட்டணும்."

"இவரு பந்தக் காலால தொட்டதுகூடக் கெடையாதே."

"கோயில் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை காலியாகப் போவுதுல்லா மக்கா. அதுக்குத்தான் இந்த ஆட்டம்."

உபதேசியார் ததேயுஸ் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் மனைவி வியாகுலம்மாள் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலராவில் இறந்துபோனாள். பிள்ளைகள் கிடையாது. அதன்பிறகு கோயில் மணி அடிப்பார், ஜெபம் சொல்லுவார், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாரோடும் பேச்சில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒருநாள், ஞானஸ்நானப் புத்தகத்தை எடுக்கச் சாமியார் வீட்டுக்குள் போனார். லூயி சாமியார் கையில் ஒரு கடிதத்தோடு அழுதுகொண்டிருந்தார்.

"அம்மா இறந்துவிட்டார்கள். அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம். அக்கா எழுதியிருக்கிறாள்."

ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவர் சாமியார். அவருக்கு யார் என்ன சொல்வது? ததேயுஸ் பார்வையைத் திருப்பினார். மேஜைமேல், ஊரிலிருந்து வந்த பார்சலைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் கிடந்தது. அதில் ஒரு படம். வரிசையாகச் சிலர், நடுவில் ஒரு பந்து.

"இவங்க ஆரு சாமி?"

சாமியார் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் பெல்ஜியம் டீம்" என்று ஆரம்பித்தார். அரைமணி நேரம் பேசினார்.

மறுநாளும் ததேயுஸ் போனார். அதற்கு மறுநாளும். ஏழு கடல் தாண்டி வந்து, தன் பாஷையில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருக்கிற மனுஷன். இந்தப் பேச்சாவது இருக்கட்டுமே.

கஷ்டம் என்னவென்றால், தினமும் கேட்பதற்குப் புதிதாக ஒரு கேள்வி வேண்டும். பக்கத்து ஊரான கொட்டாரத்துக்கு நடந்து போய், பந்தாட்டம் தெரிந்த ஜஸ்டஸ் வாத்தியாரிடம் 'ஆஃப்சைடு' என்றால் என்ன என்று கேட்டார். வாத்தியார் மண்ணில் கோடு போட்டு இரண்டு தடவை விளக்கினார். விளங்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

ஆனி மாதம் டீம் கப்பல் ஏறப்போவதாகச் செய்தி வந்தது.

"போட்டி நடக்கிற உருகுவாய் போய்ச்சேரப் பதினைந்து நாள்" என்றார் சாமியார்.

"அதுவரைக்கும் கப்பலுக்குள்ள ஓடிப் பழக முடியுமா சாமி? காலு மரத்துப் போவாதா?"

"நானும் அதைத்தான் நினைத்தேன்."

"கோல் காக்குறவரு எப்படி?"

"கெட்டிக்காரன் என்று எழுதியிருக்கிறார்கள். முன்னால் ஓடுகிறவர்கள்தான் போதாதாம்."

"பெல்ஜியம் ஜெயிக்குமா, சாமி?"

"ஜெபம் செய்வோம்" என்றார் சாமியார்.

ததேயுஸ் உண்மையாகவே ஜெபம் செய்தார்.

ஆவணியில் கடிதம் வந்தது. அன்று சாமியார் வீட்டு வாசலை மிதிக்கவே ததேயுஸுக்குப் பயமாக இருந்தது.

"இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. ஒரு கோல்கூடப் போடவில்லை" என்றார் சாமியார். சொல்லிவிட்டு, ததேயுஸ் முகத்தையே கவலையோடு பார்த்தார்.

"போட்டும் சாமி. மறுபடி எப்ப வரும்?"

"நான்கு வருடம் ஆகும்."

"நாலு வருஷம் இந்தா ஓடிப்போவும். அதுக்கு ஆர எல்லாம் சேக்கலாம்ணு சொல்லுங்க."

சாமியார் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆனால் ஐப்பசியில் லூயி சாமியாரைக் கொல்லம் பக்கம் மாற்றிவிட்டார்கள். வாத்தியார் வேலை யாருக்கோ போனது. ததேயுஸ் கேட்கவே இல்லை.

புதிதாக வந்தவர் நம் நாட்டுச் சாமியார், இளவயது. இரண்டாம் நாள் அவரே ததேயுஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாரும் உபதேசியாரே. நீர் பெரிய பந்தாட்டப் பிரியராமே? லூயி சாமியார் உம்மைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேளும்."

ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

"'உபதேசியார் மனைவி இறந்தபின் யாரோடும் பேசுவதில்லை. ஒருநாள் பந்தாட்டப் படத்தைப் பார்த்து அவராகவே வாய் திறந்தார். அவருக்கு அந்த விளையாட்டில் அவ்வளவு ஆசை என்று அன்றுதான் தெரிந்தது. அக்காவுக்கு எழுதி, வாராவாரம் செய்தி வரவழைத்துப் பேசிவந்தேன். நீங்களும் மாலையில் ஒரு மணிநேரம் அவரோடு இதைப் பற்றிப் பேசுங்கள்.'"

படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் சட்டென்று நிறுத்திவிட்டார். தாளை மடிக்கப் பார்த்தார்.

லூயி சாமியாருடைய தமிழ் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். நின்ற இடத்திலிருந்தே ததேயுஸ் அதைப் படித்துவிட்டார்.

'எனக்குப் பந்தாட்டம் பிடிக்காது என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.'