தடுத்து வைத்த அழைப்பு

தூத்துக்குடி பிலோமினாவின் நெஞ்சுக்குள் இருந்த கருவி, அவள் இதயம் தாங்காத சேதி எதையும், போன் அழைப்பானாலும், அவளிடம் வரவிடாது. இரண்டு மாதம் உப்பில்லாத சாப்பாடும் காலை நடையுமாக உடம்பைத் தேற்றினாள். இன்றுதான், இனி எதையும் தாங்குவாள் என்று அவள் கைப்பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. கணவர் சேவியர் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"உன் தம்பி அமலன் தவறிட்டான், பிலோமி. நாப்பது நாளாச்சு."

தாயில்லாத அமலனை வளர்த்தவளே அவள்தான். "என்னையக் கேட்டானா?" என்றாள்.

சேவியர் தரையைப் பார்த்தார். "ஆசுபத்திரியில இருந்து மூணு தடவ உனக்குப் போன் பண்ணிருக்கான். கருவி விடல. அக்கா ஏன் எடுக்க மாட்டேங்கான்னு என்கிட்ட கேட்டான். நீ தூங்குறதா சொல்லிட்டேன்."

"எடுத்திருந்தா நான் செத்திருப்பேனா?"

"செத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

"செத்திருக்கலாம்னுதானே சொன்னாரு," என்றாள் பிலோமினா. "கண்டிப்பா சாவேன்னு சொல்லலையே."

அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவள் அமலனின் எண்ணை அழுத்திவிட்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.