ஊமைக் கோட்டை

முத்துப்பேட்டை வீட்டுக் கூடத்தில் மாலை வெயில் டி.வி. திரைமேல் விழுந்து கண்ணைக் கூசச்செய்கிறது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஃபஹத் வாங்கிவந்த பழைய பாணி வீடியோ கேம் பெட்டிக்குள், அவனும் தங்கை தஹ்மீனாவும் சிறுவயதில் ஆடித் தீர்த்த குதிரைவீரன் விளையாட்டின் மூன்று பாகங்களும் இருக்கின்றன. மூன்றாம் பாகத்தின் கடைசிக் கோட்டைக்குள் குதிரை நுழைந்ததும் அவன் விரல்கள் நின்றுவிடுகின்றன. மேளமும் எக்காளமுமாக ஓர் இசை கூடத்தை நிறைக்கிறது. அதே இடிந்த மதில், அதே ஒற்றைக்கண் காவலன். ஆனால் இந்த இசையை அவன் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடத் தொடங்கினால், பொழுது சாயும் நேரத்துக்குத்தான் இந்தக் கோட்டையை எட்டுவார்கள். ஊமைக் கோட்டை என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அந்த நிசப்தத்துக்குப் பயந்து தஹ்மீனா அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். “இங்க பாட்டே கெடையாதே காக்கா,” என்று அண்ணனிடம் சொல்கிறாள் அவளும், டீயை ஆற்றியபடி. “கடக்காரன் போலியக் குடுத்து ஏமாத்திட்டானா?” “தெரியலையே. மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு.” கோட்டையைவிட்டு வெளியே வந்து மறுபடி நுழைகிறான். மறுபடியும் எக்காளம். இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தது எந்தக் கோட்டையை என்று அவனுக்கே புரியவில்லை.

பொழுது சாய, பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு எழுகிறது. அடுப்படியிலிருந்து வரும் உம்மா ஹபீபுன்னிசா, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், என்றும் செய்வதுபோல ரிமோட்டை எடுத்து டி.வி.யின் சத்தத்தை அணைக்கிறாள். திரையில் கோட்டை ஊமையாகிறது. தஹ்மீனாவின் கை தானாக நீண்டு அண்ணன் சட்டையைப் பிடிக்கிறது.