உபயம்: விஜயராகவன்

நாலு பேரும் கையில் ஆளுக்கொரு குட்டி பிளாஸ்டிக் பாட்டிலோடு கழிவறை வாசலில் காத்து நின்றார்கள். அன்னதானத்தில் தட்டேந்தி நிற்கிறவனிடம்கூட இதைவிடக் கொஞ்சம் கெத்து இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் விஜயராகவன்.

காலை ஆறு மணி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அந்த பிஸ்கட் கம்பெனியின் நைட் ஷிப்ட் அப்போதுதான் முடிந்திருந்தது. இன்று வருஷாந்திர மெடிக்கல் செக்கப். சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் அந்த ஆளுக்கு இனி பகல் ஷிப்ட்தான் என்று கேட்டிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

பகல் ஷிப்ட் என்றால் நாலு பேரில் மூத்தவரான அம்மாவாசைக்குக் கதை முடிந்தது. ஊசுடு ஏரிப் பக்கம் அவருக்கு ஒரு காணி நிலமும் மூன்று மாடும் இருந்தன, அதெல்லாம் பகல் வேலை. நாலு பேரில் இளையவன் செம்மலின் பொண்டாட்டி காலையில் துணிக்கடைக்குப் போய்விடுவாள், கைக்குழந்தைக்கு அவன்தான் ஆயா. லோடிங்கில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் இதே மாதிரி ஆளுக்கொரு பாட்டு.

பாட்டு இருக்கட்டும், வாயைக் கட்டியிருக்கலாமே. நடுராத்திரி இரண்டு மணிக்கு கேண்டீனில் நாலு பரோட்டா, கிண்ணம் கிண்ணமாகச் சால்னா. அது செரிக்கிறதுக்குள் பேக்கிங் பெல்ட்டில் உடைந்து விழும் பிஸ்கட்டை அள்ளி அள்ளி வாயில் போடுவார்கள். சர்க்கரை கட்டாயம் இருக்கும் என்று அவர்களுக்கே தெரிந்துதான் விஜயராகவனிடம் வந்து நின்றார்கள்.

வேறு யாரிடம் போவார்கள்? அந்த ஷிப்டில் ஒழுங்காகத் தின்கிற ஒரே ஆள் அவன்தான். ராத்திரி வேலையில் உடம்பு போடாமல் இருப்பது எப்படி என்று போனில் தேடித் தேடிப் பார்த்து, தனக்கென்று ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தான். ஒரு டப்பா வேகவைத்த கடலை, இரண்டு வெள்ளரிக்காய், மீதி வயிற்றுக்குத் தண்ணீர். நாலு மாதத்தில் பதினோரு கிலோ இறங்கியிருந்தது. இடுப்பு பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டைகளைச் சட்டையைத் தூக்கி எல்லோரிடமும் காட்டுவான்.

பாட்டில்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ஒரே மூச்சில் நாலையும் நிரப்பி, தன்னுடைய பாட்டிலையும் நிரப்பி, மூடி போட்டு வெளியே வந்தான்.

அம்மாவாசை வாயைப் பிளந்தார். "இன்னா தம்பி இது, மதகு தொறந்த மாதிரி?"

"நான் தெனம் அஞ்சு லிட்டர் தண்ணி குடிக்கிறவன், பெருசு. நீ போய் சால்னா குடி."

சும்மா ஒன்றும் இந்த உபகாரம் செய்யவில்லை. திங்கட்கிழமை முதல் நைட் ஷிப்ட் இன்சார்ஜ் அவன்தான். மேனேஜர் வாயால் சொல்லிவிட்டார், மெடிக்கல் ஃபிட் என்று ஒரு தாள் வந்தால் ஆர்டர் கையில். நாளைக்கு அதிகாரம் பண்ணும்போது நாலு பேர் எதிர்த்துப் பேச முடியாமல் இருந்தால் நல்லதுதானே.

ஒவ்வொருவராக உள்ளே போய் டோக்கன் வாங்கி, பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஐவரும் பஸ் நிற்கும் தகரக் கொட்டகைக்கு வந்தார்கள். ரிசல்ட் வருகிறவரை விஜயராகவன் சும்மா இருக்கவில்லை. செம்மலின் தொப்பையைக் காட்டி, குழந்தை பெற்றது நீயா உன் பொண்டாட்டியா என்று கேட்டான். அம்மாவாசைக்கும் அவர் மாட்டுக்கும் ஒரு வித்தியாசம்தான், மாடாவது ராத்திரியில் அசைபோடுவதோடு நிறுத்திக்கொள்ளும் என்றான். நாலு பேரும் பல்லைக் காட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள்?

நர்ஸ் சிவசங்கரி லிஸ்டோடு வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"டோக்கன் பதினொண்ணுலேருந்து பதினாலு வரைக்கும் யாரு? நாலு பேருக்கும் சுகர் தாறுமாறா இருக்கு. உடனே ரத்தம் எடுக்கணும், உள்ள வாங்க. இன்னிக்கு நைட்டு டியூட்டி கெடையாது."

பதினைந்து தன்னுடையது என்று விஜயராகவன் சொன்னான். அது இன்னும் பார்க்கவில்லை, இதோ பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

விஜயராகவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கு நொடியில் விளங்கிவிட்டது. மாட்டிக்கொண்டால் வேலையே போய்விடும் என்று கடைசி நேரத்தில் நாலுக்கும் தொடை நடுங்கியிருக்கும். அவன் கொடுத்ததைக் கொட்டிவிட்டிருப்பார்கள். ஓசியில் கிடைத்ததைக்கூட உருப்படியாக உபயோகிக்கத் துப்பில்லாத ஜென்மங்கள்.

"பயந்துகினு கடேசில உங்களதையே புடிச்சிக் குடுத்துட்டீங்க, அதான? சோத்து மூட்டைங்களா, உங்களுக்குப் போயி ஒதவி பண்ணேன் பாரு."

நாலு பேர் முகமும் பயந்தவர்கள் முகமாக இல்லை. அம்மாவாசை தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். செம்மல் மட்டும் கிட்டே வந்து, இதுவரை தொடாத அந்தத் தோளில் மெல்லக் கை வைத்தான்.

"இல்லண்ணா. உங்களதத்தான் குடுத்தோம்."