வேண்டாத கொத்தவரங்காய்

எங்கள் பண்ணைப் பெட்டிக்கு இப்போது எங்கள் நாக்கு அத்துப்படி. யாருக்கு எந்தக் காய் பிடிக்கும் என்று நம்மிடமே பேசிக் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலையில் பண்ணைக் காய்களோடு வாசலுக்கு வரும். உள்ளே பிடிக்காத காய் ஒன்றுகூட இருக்காது.

முன்பெல்லாம் பண்ணையில் எது விளைந்ததோ அதுதான் வாரப் பங்கு. மூன்று வாரம் தொடர்ந்து கொத்தவரங்காய் வந்தால், எரிச்சலோடு எதிர்வீட்டு மெஹருன்னிசாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் தனக்கு ஆகாத பீட்ரூட்டை என் கையில் திணிப்பாள். நின்றபடியே பேசுவோம், இங்கே என் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

நான் அவள் கதவைத் தட்டி ஒரு வருடமாகிறது. தட்ட ஒரு காரணம் வேண்டாமா?

போன வாரம் பெட்டியிடம், "எனக்குக் கொத்தவரங்காய்னா உயிர்" என்றேன்.

"ருசி மாறிவிட்டதா?" என்று கேட்டது.

"ஆமா."

இன்று அரைக்கிலோ வந்தது. அள்ளிக்கொண்டு கதவைத் திறந்தால், தட்டுவதற்குக் கையைத் தூக்கியபடி மெஹருன்னிசா நிற்கிறாள். இன்னொரு கையில் மண் ஒட்டிய பீட்ரூட் நான்கு.

"பெட்டி தப்பா அனுப்பிடுச்சு, கோமதிக்கா" என்றாள்.

"எனக்கும்தான்" என்று நானும் பொய் சொன்னேன்.