மூன்று மில்லிமீட்டர் சாய்வு

"மறுபடியும் வலது பக்கம் மூணு மில்லி இறங்கியிருக்கு, குராத்தா-சான்."

ஹொசோயி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். இதையே கேட்டுக் கேட்டு நான்காவது சனிக்கிழமை. அந்த நாடாவைப் பிடுங்கிக் கூரைமேல் எறிய வேண்டும்போல் இருந்தது குராத்தாவுக்கு.

ஜப்பானின் தகாசாக்கி நகரில் பந்தயக் கார்களுக்கு ஸ்பிரிங் அமைத்துக் கொடுப்பதில் குராத்தாவின் பட்டறைக்குத்தான் பெயர். அந்தப் பெயரை இந்த ஒற்றைச் சிவப்பு வண்டி கெடுத்துக்கொண்டிருந்தது. வந்தவர் வேறு யாராவது என்றால் போய்யா என்று விரட்டியிருப்பார். ஹொசோயி ஊர் கார் கிளப்பின் செயலாளர்.

"எழுபத்தாறு கிலோ இருந்தேன், அறுபத்து நாலுக்கு வந்துட்டேன். புது எடைக்கு ஏத்த மாதிரி அமைச்சுத் தாங்கன்னுதானே கேட்டேன்? நாளைக்குக் கிளப் பந்தயம். இன்னிக்கும் சரியாகலைன்னா எல்லாரும் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற புதுக் கடைக்குப் போயிடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

ஹொசோயியின் மனைவி சிஸுகோ மூலையில் உட்கார்ந்து பார்லி டீ குடித்துக்கொண்டிருந்தார். மடியில் நீலத் துணியில் முடிந்த பொட்டலம். கணவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் எச்சரித்ததிலிருந்து எங்கே போனாலும் அளந்து கட்டிய சாப்பாடுதான். வாராவாரம் கூடவே வருவார், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் மட்டும், கார்ச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற இந்தத் தராசு ஆள் எடையைக்கூடக் காட்டுமா என்று கேட்டதோடு சரி.

குராத்தா வலது சக்கரத்தைக் கழற்றினார். முந்தைய வாரங்களில் பழியை ஸ்பிரிங் மேல்தான் போட்டிருந்தார். ஒரு மில்லி அமுங்க எட்டுக் கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பத்துக் கிலோ ஸ்பிரிங் போட்டார். சின்ன மேட்டில்கூட வண்டி துள்ளுகிறது என்று ஹொசோயி திரும்பி வந்தார். மறுபடி எட்டு. எதைப் போட்டாலும் அதே சாய்வு.

இப்போது பார்த்தால், ஸ்பிரிங்கைத் தாங்குகிற வளையம் கீழே இறங்கியிருந்தது. போன சனிக்கிழமை அதைத் தன் கையாலேயே இறுக்கிப் பூட்டியிருந்தார். இறுக்கினது தானாக இறங்குமா? இல்லை, தன் கைதான் போய்விட்டதா? அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"இந்த வளையத்தைத் திருக நான் கொடுத்த கொக்கி ஸ்பேனரை வெச்சு நீங்க ஏதாவது திருகிப் பார்த்தீங்களா?"

"அந்த ஸ்பேனரையே ஒரு மாசமா காணோம். காணாத ஸ்பேனரால எப்படித் திருகறது?"

பேசிப் பயனில்லை என்று குராத்தா வளையத்தை மேலேற்றிப் பூட்டினார். நான்கு சக்கரத்துக்கும் கீழே தராசுகளை வைத்து, ஓட்டுநர் இருக்கையில் மணல் மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். ஹொசோயிக்கு இடுப்பு வலி. குறுகலான பந்தய இருக்கையில் சும்மா சும்மா ஏறி இறங்க முடியாது என்பதால் அவருக்குப் பதில் எப்போதும் அறுபத்து நாலு கிலோ மணல்தான்.

மூன்றாவது மூட்டையைத் தூக்கும்போது பொறுமை போய்விட்டது. பொத்தென்று கீழே போட்டு, இருக்கையில் அடுக்கியிருந்த இரண்டையும் வெளியே இழுத்தார்.

"மூட்டையெல்லாம் போதும். நீங்களே உக்காருங்க."

"இடுப்பு..."

"நாளைக்கு மூட்டையா ஓட்டப் போகுது?"

"உக்காருங்களேன். நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சிஸுகோ எழுந்து வந்தார்.

ஹொசோயி போனையும் பர்ஸையும் எடுத்து வெளியே வைத்தார். கொஞ்சம் யோசித்து பெல்ட்டையும் கழற்றி வைத்தார். பிறகுதான் உள்ளே நுழைந்தார். திரையில் எண்கள் ஓடி நின்றன. குராத்தா காலி வண்டியின் எடையைக் கழித்தார். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை கழித்தார்.

"எண்பத்தொண்ணு."

குறைந்ததாகச் சொன்ன பன்னிரண்டு போகட்டும், மேற்கொண்டு ஐந்து ஏறியிருந்தது.

"வீட்டுத் தராசுல அறுபத்து நாலுதானே காட்டுது" என்று ஹொசோயி முனகினார். மனைவியின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஒரு மாத எரிச்சலும் குராத்தாவின் வாய்க்கு வந்தது. "பதினேழு கிலோவை மறைச்சு வெச்சுட்டு வாராவாரம் அதே பக்கம் ஏறி உக்காந்தா, வளையம் நழுவாம என்ன பண்ணும்? என் கைதான் போச்சுன்னு தூங்காம கிடந்தேங்க. இதையும் கிளப்புல மறக்காம சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்று ஹொசோயி பெல்ட்டைக்கூட மறந்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அவர் போனதும் சிஸுகோ குனிந்து வணங்கி, பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். கணவர் செய்த வேலைக்கு மன்னிப்புக் கேட்டு ஏதோ பலகாரம் தருகிறார், பாவம், என்று குராத்தா முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே கொக்கி ஸ்பேனர்.

"ஆஸ்பத்திரித் தராசுல ஏறவே மாட்டேங்கறாரு. எனக்கு வேற வழி தெரியல, குராத்தா-சான்" என்றார் சிஸுகோ. "வீட்டுத் தராசை அவரு திருகினாரு. வண்டியை நான் திருகினேன்."