குளியலறைக்குள் ஒரு பன்

குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டார் மீட்டர்காரர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்து வருவது அவர் வேலை. தெருவில் அதுவே பெயராகவும் ஆகிவிட்டது.

"என்னங்க, மறுபடியும் வயிறு கலக்குதா?" கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

"ம்" என்றார். அதற்குமேல் பேச முடியாது. வாய் நிறையப் பன்.

மூன்று வருடமாக அந்த வீட்டுக்குள் கோதுமையும் மைதாவும் நுழைந்ததில்லை. பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் தடா. பிஸ்கட் டப்பாவில் இப்போது சட்டைப் பொத்தான்கள் இருக்கின்றன.

வீட்டோடு விட்டாளா? டீக்கடைக்காரர் இவரைக் கண்டாலே பால் பாத்திரத்தை மூடிவிடுவார். "அக்கா திட்டுவாங்க சார். உங்களுக்குப் பால் இல்லாத டீதான்." அலுவலகத்தில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால், இவர் பங்குக்கு ஒரு வாழைப்பழம் வரும்.

ஐந்து தெரு தள்ளிப் போய் பன் வாங்கினாலும் நின்று தின்ன இடமில்லை. மீட்டர் உள்ள வீட்டுக்கெல்லாம் அவரைத் தெரியும். சில நாள் அவருக்கு மூச்சே முட்டியது. ஜெயிலில் போட்டிருந்தால்கூட ரொட்டியாவது கிடைத்திருக்கும், பாவம்.

அவருக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்று மனைவிக்கும் அதே சோறு, அதே வேகவைத்த காய்தான். பத்தியக்காரர் இளைத்துத் துரும்பாகிவிட்டார். கூட இருந்தவளோ தன் ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

கை, வாய், தரை மூன்றையும் இரண்டு முறை கழுவிவிட்டு வெளியே வந்தார். மனைவி வழிமறித்து நின்றாள். மீசையில் ஒரு துகள்.

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்தார். அவள் அழுதாள்.

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? சட்டையை மாட்டுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் அறைக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்துவிட்டாள். "நல்லா நாலு வார்த்தை கேளுங்க டாக்டர். பன்னு தின்னிருக்காரு. அதுவும் பாத்ரூம்ல!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்கம்மா. நான் பேசிக்கறேன்."

கதவு சாத்தியதும் டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சார், கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு உங்களுக்கு. பன்னு என்ன, பேக்கரியையே தின்னாலும் ஒண்ணும் ஆகாது. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படித் திருடன் மாதிரி ஒளிஞ்சு தின்னப்போறீங்க? நானே அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

மணியை அழுத்தப்போன கையை எட்டிப் பிடித்துக்கொண்டார் மீட்டர்காரர்.

"வேண்டாம் டாக்டர்! வியாதி அவளுக்குன்னு நீங்க சொன்னப்போ, நாலு நாள்கூட அவ பத்தியம் இருக்கல. எனக்குன்னு சொன்னதாலதான் மூணு வருஷமா இருக்கா!"