விரல் பட்ட படகு

பல் டாக்டர் தொட்டது என்னவோ ஒரே ஒரு விரலால்தான். அதற்கே படகு மேஜையெல்லாம் சிதறிவிட்டது.

பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்தது, மேல்தட்டு நழுவி விழுந்தது, சுக்கான் துள்ளிப்போய் நாற்காலிக்கடியில் ஒளிந்துகொண்டது. பந்தயப் படகின் சின்ன மாதிரிதான். ஆனாலும் முழங்கை நீளம் இருக்கும், ரிமோட்டை அழுத்தினால் ஏரியில் நிஜப் படகு போலவே பாயும் ரகம்.

சத்தம் கேட்டுக் காபியோடு வந்த அவன் காதலி, அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"போச்சு! எதை வேணா தொடு, அப்பாவோட படகை மட்டும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பாய்மரம் லேசா சாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. நேராக்கலாம்னு..."

"நேராக்கறதுக்கு இது என்ன உன் பேஷண்ட்டோட பல்லா?"

அவன் அந்த விரலை மெல்ல மடக்கிக்கொண்டான். அவளைக் கட்டிக்கொடுக்கும்படி கேட்கத்தான் இன்று வந்திருந்தான். அவள் அப்பாவோ லிஃப்ட் இன்ஸ்பெக்டர், எந்த மூலையில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுகிற மனிதர். முன்பு வந்த ஒரு வரனை, தன் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தான் என்பதற்காகவே வந்த வழியே அனுப்பிவைத்தவர்.

பெட்டியில் பாகம் பாகமாக வந்ததை மாதக்கணக்கில் தேய்த்து, வர்ணம் அடித்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக அவர் சேர்த்துவைத்த படகு இது.

"பேசாம உண்மையைச் சொல்லிடலாமா?" என்றான்.

"தாராளமா சொல்லு. சொல்லிட்டு நீ உன் வீட்டைப் பார்த்துப் போ, நான் என் ரூமைப் பார்த்துப் போறேன்."

இவள் இல்லாத வாழ்க்கையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. குனிந்து துண்டுகளைப் பார்த்தான். தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"எதுவுமே முறியலை. பல்லு மேல போட்ட மூடி கழன்ற மாதிரி எல்லாம் சுத்தமா வந்திருக்கு. பசை இருக்கா?"

அவள் டிராயரிலிருந்து, வைத்ததும் இறுகிவிடுகிற பசை டியூபை எடுத்து நீட்டினாள். அதற்குள் அவள் செல்போன் அடித்தது. அப்பா! ஸ்பீக்கரில் போட்டாள்.

"பார்சல் வாங்கிட்டேன்மா. தம்பி வந்தாச்சா?"

"வந்துட்டார்ப்பா. காபி கொடுத்திருக்கேன்."

"எங்க உட்கார வச்சிருக்கே?"

"உங்க ரூம்லதான்ப்பா."

"அங்க படகு இருக்கே. தம்பி தொடலையே?"

"தொடலைப்பா."

"சரி, வந்துட்டேன்."

அவன் கை நடுங்கவில்லை. நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு பல் டாக்டராகக் காலம் தள்ள முடியுமா? விளிம்பு முழுக்க மெல்லிய கோடாகப் பசையை இழுத்தான், ஒரு பொட்டுகூட வெளியே வழியவில்லை. மேல்தட்டை வைத்து அழுத்தினான். அவள் நாற்காலிக்கடியில் தவழ்ந்து சுக்கானை எடுத்துக் கொடுத்தாள். கடைசியாகப் பாய்மரம் நட்டுக்குத்தாக நிற்கவும், வெளியே லிஃப்ட் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

பார்சலோடு நுழைந்த அப்பா அவனைப் பார்க்கவில்லை, நேராகப் படகிடம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, முனையிலிருந்து பின்பக்கம்வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"என்னமோ நெடி அடிக்குதே?"

"நெயில் பாலிஷ்ப்பா."

அவர் பார்வை அவள் விரலுக்குப் போனது. "நகத்துல ஒண்ணையும் காணோம்?"

"கலர் பிடிக்கலை. இப்பதான் அழிச்சேன்."

பல் டாக்டருக்குச் சட்டைக்குள் வியர்வை ஓடியது. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னவனுக்கு, இப்போது தன் வாயைத் திறக்க முடியவில்லை.

அப்பா நிமிர்ந்தார். முகம் கொள்ளாத சிரிப்பு.

"தம்பி, ஒரு மனுஷன் தனியா இருக்கும்போதுதான் அவன் யாருன்னு தெரியும். நீங்க இந்தப் படகு மேல விரல்கூட வைக்கலை."

"அது... எப்படி சார் சொல்றீங்க?"

"அதான் பார்த்தாலே தெரியுதே!" தோளில் தட்டினார். "அடுத்தவங்க பொருள்ல கை வைக்காத ஆளுக்கு என் பொண்ணைக் கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம். எனக்குச் சம்மதம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், பல் டாக்டர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

அப்பா உற்சாகமாகப் பார்சலைக் கிழித்தார். ஒயர் தொங்க, கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார் வெளியே வந்தது.

"சுக்கானைத் திருப்பற மோட்டார். ஞாயித்துக்கிழமை பந்தயத்தை வச்சுக்கிட்டு, இது வராம தவிச்சுட்டிருந்தேன். இதைப் படகுக்குள்ள உட்கார வச்சுட்டா வேலை முடிஞ்சுது."

மோட்டாரைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு, படகுப் பக்கம் தலையை ஆட்டினார்.

"அந்த மேல்தட்டைக் கொஞ்சம் தூக்குங்க மாப்பிள்ளை. சும்மா பொருத்தித்தான் வச்சிருக்கேன், இன்னும் ஒட்டவே இல்லை!"